ரோனி போட்ட பூட்டு

கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம். பாஸ்வேர்ட் கேட்கிறது. விண்டோஸ் வருவதற்கு முன்பே, சுவிட்சைத் தட்டியதும் வழிமறிக்கிற பூட்டு. கிள்ளானில் எங்கள் கோயிலின் பாடகர் குழுக் கணினிக்கு அதைப் போட்ட மகான் ரோனி. கீபோர்ட் வாசிப்பவன். ஆண்டவர் விரல் படைத்ததே தனக்காகத்தான் என்கிற நினைப்பு.

காரணம் என்ன தெரியுமா? ஈஸ்டர் இரவில் பெரிய மெழுகுதிரிக்குப் பக்கத்தில் நின்று தனியாகப் பாடும் பாஸ்கா புகழுரையை இந்த வருஷம் எங்கள் குழுவில் பாடும் லியோனலுக்குக் கொடுத்துவிட்டார் ஃபாதர். அவ்வளவுதான். ரோனி துரை கோபித்துக்கொண்டு பூட்டிவிட்டுப் போய்விட்டார். வைக்கோல் போர் நாய்! தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது.

பூட்டிக்கொண்டு போகட்டும், யாருக்கு நஷ்டம் என்றுதான் இருந்தேன். ஆனால் முன்பு எங்கள் குழுவில் பாடிய செசிலியா ஆன்டி இறந்துவிட்டார். கேரன், அவருடைய ஒரே மகள், அழுது வீங்கிய கண்ணோடு கொயர் ரூமுக்கு வந்து நின்றாள்.

"பெர்னிஸ் அக்கா, ஸ்ட்ரோக் வந்ததுலருந்து அம்மா ஒரு வார்த்த பேசல. போன்ல இருக்கிற வீடியோ எல்லாம் அதுக்கு அப்புறம் எடுத்தது. அம்மா குரலே எனக்கு மறந்துட்டு வருதுக்கா. இந்தக் கம்ப்யூட்டர்ல அவங்க தனியா பாடுனது இருக்குதானே?"

இருந்தது. ரோனிதான் பதிவு செய்தான். அவனுக்கு போன் அடித்தேன்.

"நாளைக்கு அடக்கம், ரோனி. பாஸ்வேர்ட மட்டும் சொல்லு."

"ஃபாதர் வந்து என்கிட்ட கேக்கட்டும் லா."

"செத்தவங்க குரல்டா அது!"

"அந்த ரெக்கார்டிங் ஒன்னும் நல்லா இல்லக்கா. விடுங்க." வைத்துவிட்டான். பிணத்தின் முன்னாலும் சுருதி பார்க்கிற ஜென்மம்.

லியோனல் கணினி முன் உட்கார்ந்தான். "அவன் பேர்தான் இருக்கும். வேற யார அவனுக்குப் பிடிக்கும்?" ரோனியின் பெயரை நேராக அடித்தான், தலைகீழாக அடித்தான், உறுதிபூசுதல் சடங்கில் அவன் தனக்கு எடுத்துக்கொண்ட புனிதரின் பெயரையும் அடித்தான். மூன்று தப்பானதும் இயந்திரம் வாயை மூடிக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். கடைசியில் லியோனல் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் அல்லேலூயா என்று அடித்தான். தவக்காலத்தில் எங்கள் வாயில் வரக்கூடாத வார்த்தை.

"சொல்லத்தானே கூடாது, அடிக்கலாம்" என்று சிலுவை போட்டுக்கொண்டான். இந்தப் புத்திசாலிகளோடுதான் நான் இத்தனை வருஷமாகப் பாடுகிறேன். அதுவும் தப்பு.

கணினிப் பெட்டியைக் காரில் தூக்கிப்போட்டு நானும் கேரனும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். அங்கே கணினிக் கடை வைத்திருக்கும் குரு, கோயில் பெட்டி என்றதும் ஃபாதருக்கு போன் போட்டு நிச்சயப்படுத்திக்கொண்டுதான் ஸ்குரூவைத் தொட்டான். உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி. அதைக் கழற்றி, கொஞ்சம் காத்திருந்து, திருப்பிப் போட்டான். பூட்டு போய்விட்டது. ரோனியின் ராஜ்ஜியம் அவ்வளவுதான்!

செசிலியா ஆன்டியின் பெயரில் ஒரே ஒரு பதிவு. நற்கருணைப் பாட்டு.

"போட்டுப் பாக்கவா, அக்கா?" என்றான் குரு.

"வேணாம்" என்றாள் கேரன். "இங்க கேட்டா உடைஞ்சிருவேன். நாளைக்கு அம்மாவ உள்ள கொண்டு வரப்போ கேக்குறேன்." எனக்கும் கண் கலங்கிவிட்டது. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை ரோனி வந்தான், வெட்கமே இல்லாமல். அயர்ன் செய்த, பூவேலை போட்ட பாத்தேக் சட்டை. கீபோர்ட் முன்னால் உட்கார்ந்தான். என் கையில் லேப்டாப்பையும் அதில் செருகிய பென்டிரைவையும் பார்த்ததும் முகம் வெளுத்தது. தோற்றுப்போன கடுப்பு என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சவப்பெட்டி வாசலுக்கு வந்தது. கேரன் பின்னால் நின்றாள். லேப்டாப்பில் பதிவைத் தட்டினேன்.

செசிலியா ஆன்டியின் குரல் கோயில் முழுக்க எழுந்தது. மெல்லிய, சுத்தமான குரல். முதல் அடி முடியவில்லை.

"நிறுத்துங்க ஆன்டி!" ஸ்பீக்கரில் ரோனியின் குரல். "எத்தன தடவ சொல்றது? குரல் போச்சு உங்களுக்கு. வீட்ல உக்காந்து செபமால சொல்ல வேண்டியதுதானே?" யாரோ சிரிக்கும் சத்தம். பிறகு ஆன்டி, தாழ்ந்த குரலில்: "சாரிப்பா. இன்னொரு தடவ பாடுறேன்."

சபை மொத்தமும் திரும்பி ரோனியைப் பார்த்தது. என் விரல் பட்டனுக்குப் போனது. பெட்டிக்குப் பின்னால் நின்ற கேரன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஓடட்டும், அக்கா. அம்மா பேசுறாங்க."

ஆன்டி மறுபடி முதலிலிருந்து பாடத் தொடங்கினார். தூக்கியவர்கள் பெட்டியைத் தோளில் வைத்தபடி அசையாமல் நின்றார்கள். கீபோர்ட் முன்னால் ரோனி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பதிவில் அடுத்து தன் குரல் நிறுத்தச் சொல்லும் இடத்துக்காகக் காத்திருந்தான்.