அமலி வாய் திறந்த திங்கட்கிழமை

என் மகள் அமலோற்பவத்துக்கு ஒன்பது மாசம் நடந்தபோது, உலகத்தில் அவளுக்குத் தெரிந்த சாப்பாடு ஒன்றுதான். அம்மா பால். கேப்பைக்கூழைக் காட்டினால் வாயை இறுக்கிக்கொள்வாள். குழைந்த சோற்றைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உதட்டில் தடவிவிட்டாலும் நாக்கால் தள்ளி வெளியே விட்டுவிடுவாள். கீழ்வரிசையில் பல் இரண்டு முளைத்திருந்தது. அதை வைத்து அவள் கடித்ததெல்லாம் எங்கள் விரலைத்தான்.

இது எண்பத்திரண்டாம் வருஷம், ஆவணி மாசம். ராயப்பன்பட்டியில் கோவிலுக்குப் பின்னாடித் தெருவில் எங்கள் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கங்காணி ஒச்சாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றார். கம்பம் மெட்டு வழியாக ஏலக்காட்டுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

"ரோசம்மா, நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமையிலருந்து பழம் எடுப்பு. ஒன் எடத்த நாந்தேன் பிடிச்சு வச்சிருக்கேன். நீ வரலைன்னா மேல சூப்பர்வைசர் வேற ஆளு பேர எழுதிப்புடுவாக. அப்புறம் இந்த சீசன் பூரா என்னைய வந்து கேக்கக்கூடாது."

"வாரேண்ணே" என்றாள் என் வீட்டுக்காரி ரோசம்மாள்.

"பிள்ளை?"

"அது அவுக அப்பா பாடு" என்று என்னைக் காட்டினாள்.

ஒச்சாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

ரோசம்மாள் ஏன் அப்படிச் சட்டென்று சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. அடியில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற பூவும் பிஞ்சும் உதிரக் கூடாது. அவள் இரண்டு கையாலும் எடுப்பாள், ஒரு பிஞ்சு விழாது. "நல்ல கையாணு" என்று மலையாளத்துச் சூப்பர்வைசர் ஒருதடவை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். பிள்ளை வயிற்றில் இருந்ததால் போன சீசனுக்குப் போகவில்லை. இந்த வருஷமும் விட்டால் இடம் போனது போனதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது. ஜீப்பில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து போவார்கள். மேலே மழையும் அட்டையும். விடியுமுன் ஏறினால் பொழுது இறங்கித்தான் திரும்புவார்கள்.

ஆக, அடுத்த திங்கட்கிழமைக்குள் அமலி சோறு தின்ன வேண்டும். இருந்தது எட்டு நாள்.

முதலில் அந்த வேலையை என் அக்கா இருதயம்மாள் ஏற்றுக்கொண்டாள். பக்கத்து வீடு. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளும் அவள்தான். ஆறு பெற்றவள். செவ்வாய்க்கிழமை காலை கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் அமலியைக் கிடத்தி, கைகளை முழங்காலால் இடுக்கி, மூக்கைப் பிடித்தாள். மூச்சு முட்டிப் பிள்ளை வாயைத் திறந்ததும் பாலாடைச் சங்கால் ஊற்றினாள்.

இரண்டு மடக்கு இறங்கியது. மூன்றாவது மடக்கில் புரையேறிவிட்டது. அமலியின் கண் மேலே செருகியது. நான் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். மூக்கு வழியாகக் கூழ் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

"இதுக்கு ஏன்லே இப்படி வெறைக்கிற? ஆறையும் நான் இப்படித்தேன் வளத்தேன்" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே முந்தானையால் பிள்ளை மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"எம் பிள்ளைக்கு இந்தச் சோலி வேண்டாம்க்கா."

"அப்ப நீயே ஊட்டு."

"ஊட்டிக் காட்டுறேன்."

"ஏ ரோசம்மா, கேட்டுக்க! துத்தம் கலக்குறவன் பிள்ளைக்குச் சோறூட்டப் போறானாம்!"

நான் துத்தம் கலக்குகிறவன்தான். திராட்சைத் தோட்டத்தில் வேலை. இலையில் நோய் விழாமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்துப் பந்தலுக்கு அடிப்போம். அளவு தப்பினால் இலை கருகிவிடும். கலந்த பிறகு அருவாளை அதில் முக்கி எடுப்பேன். இரும்பில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். அருவாள் வெள்ளையாக வந்தால்தான் அடிக்கலாம். எங்கள் தோட்டத்தில் அந்த வேலைக்கு வேறு யாரையும் விடமாட்டார்கள். "பீட்டர்ராஜ் வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பம்பையே தொடுவார்கள்.

தோட்டம் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். புதன்கிழமை மத்தியானம் கஞ்சி நேரத்தில் ஓடி வந்தேன். வாய்க்காலில் மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கைகழுவினேன். பருப்பும் சோறும் மசித்து, விரல் நுனியில் எடுத்து நீட்டினேன். அமலி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறந்தாள்!

வைத்த அடுத்த நொடி அவள் முகம் கோணியது. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, எல்லாவற்றையும் துப்பினாள். நான் மறுபடி நீட்டினேன். மறுபடி துப்பினாள். வியாழக்கிழமை என் கையைக் கண்டதுமே வாயைப் பூட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கும் ரோசம்மாளுக்கும் சண்டை.

"நல்லா மசிச்சீகளா?"

"மசிச்சேன்."

"உப்பு?"

"போட்டேன்டி. எல்லாம் நல்லாத்தேன் இருக்கு. இந்தா, நீயே தின்னு பாரு" என்று கோபத்தில் ஒரு உருண்டையை உருட்டி அவள் வாயில் வைத்தேன்.

ஒரு கடிதான் கடித்தாள். வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினாள்.

"ஆத்தாடி! களிம்பேறுன செம்ப நக்குன கணக்கா இருக்கு!"

"பருப்புல ஏதும்..."

அவள் சட்டியில் கைவிட்டு அதே சோற்றை எடுத்துத் தின்றாள். நன்றாக இருந்தது. பிறகு என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை வாயில் வைத்துப் பார்த்து, மறுபடியும் துப்பினாள்.

"சோத்துல இல்லைங்க. ஒங்க கையில இருக்கு."

விளக்கடியில் கையை விரித்துப் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் நூல் நூலாக நீலம். நகக்கண்ணிலும் நீலம். நாள் பூரா அந்தத் துத்தச் சாரலுக்குள் நிற்கிற எனக்கு நாக்கிலும் அதே ருசிதான், வித்தியாசம் தெரியவில்லை. துத்த மூட்டையில் சீட்டு ஒட்டியிருக்கும். கையில் படாமல் கலக்கச் சொல்லியும், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியும் அதில் எழுதியிருப்பது எனக்கு அப்போது தெரியாது. நான் எழுத்துப் படித்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

என் பிள்ளை மூன்று நாளாக என்னிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை செம்புக்குடத்தைத் துலக்குகிற மாதிரி புளியும் உப்பும் போட்டுக் கையைத் தேய்த்தேன். வெடிப்பில் புளி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ரோசம்மாள் விரலை நக்கிப் பார்த்தாள்.

"கொறஞ்சிருக்கு. ஆனாப் போகல."

"கரண்டி?"

எதிர்வீட்டில் எவர்சில்வர் கரண்டி வாங்கிவந்தோம். அமலி அதைப் பாலாடை என்று நினைத்தாளோ என்னவோ, கண்டதும் வீல் என்று கத்தினாள். ரோசம்மாள் தன் கையால் ஊட்டிப் பார்த்தாள். அம்மா மடியில் உட்கார்ந்தால் அவளுக்குச் சோறு எதற்கு? சேலையைத்தான் இழுத்தாள்.

"நான் போகலைங்க" என்றாள் ரோசம்மாள். "ஒச்சாண்டி அண்ணன்ட்ட சொல்லிட்டு வந்துருங்க."

சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த காட்டுச் சட்டையை எடுத்து மடித்தாள். மலைக்கு மேல்சட்டையாகப் போடுகிற என் பழைய சட்டை அது. மடித்ததை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் ஒச்சாண்டியிடம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். அமலி தவழ்ந்துபோய் மாடு கட்டுகிற முளைக்குப் பக்கத்தில் கைப்பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டாள். அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏலே பீட்டரு, மண்ணுன்னா ஒன் மக வாயத் தொறக்குறா பாரு. நாளைக்கு மண்ணக் குழைச்சு ஊட்டு!"

எனக்குக் கோபம் வரவில்லை. ஓடிப்போய் வாயிலிருந்த மண்ணைத் தோண்டி எடுக்கும்போதே புத்தியில் ஒன்று தட்டியது. மண்ணை இவளுக்கு யார் ஊட்டினார்கள்? செருப்பு வாரைச் சப்பினாளே, செபமாலையைச் சப்பினாளே, அதையெல்லாம் யார் ஊட்டினார்கள்? அக்கா கையென்றால் பயம். என் கை கசப்பு. அவள் அம்மா கை பாலோடு சேர்ந்த கை. இன்னும் யாரும் கேட்டுப் பார்க்காத கை ஒன்று இருக்கிறதே!

"ரோசம்மா, பிள்ளை கை ரெண்டையும் நல்லாக் கழுவு" என்றேன்.

தரையைத் துடைத்து, தட்டில் பருப்புச்சோற்றைப் பரப்பி, அமலியை முன்னால் உட்கார வைத்தோம். அவள் பார்த்தாள். சப்பென்று ஒரு அடி அடித்தாள். பருப்பு என் மூஞ்சியில் தெறித்தது. அள்ளித் தலையில் தேய்த்தாள்.

"சேசுவே! சோத்த எறைக்கிறதுக்கு ஒரு பிள்ளை, அதப் பாத்துப் பல்லக் காட்டுறதுக்கு ஒரு அப்பன்" என்றாள் அக்கா. "பாவம்டா. கோழிகூட இப்படிக் கெளறாது."

அப்போது அமலி விரலைச் சப்பினாள். நாலு பருக்கை இருக்கும். முகம் கோணவில்லை. துப்பவில்லை.

"நாலு பருக்கை" என்றாள் ரோசம்மாள். "நாலு பருக்கைய நம்பி நான் மலையேறவா?"

"உள்ள போன பருக்கை. யாரும் தள்ளிவிடல. நீ போ."

திங்கட்கிழமை விடியுமுன் பால் கொடுத்துவிட்டு அவள் ஜீப் ஏறினாள். ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் அன்றைக்கென்று இரண்டாவது தொட்டி கலவை இருந்தது. "தங்கபாண்டி, நீ கலந்துரு. அருவாள முக்கிப் பாத்துட்டு அடி" என்றேன். கூட வேலை செய்கிற தங்கபாண்டி வாயைப் பிளந்தான். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வீட்டில் அமலி அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. அக்கா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "அவ ஆத்தாளத் தேடுறா. பேசாம பாலாடைய எடுக்கவா?" என்றாள்.

"வேண்டாம். நீயே சோத்த மசிச்சு வையி. பிள்ளை கையக் கழுவி விடு. ஊட்டாத, வையி."

வைத்தாள். அமலி தட்டைத் தள்ளினாள். தட்டு சுவரில் போய் முட்டியது. எடுத்து வைத்தேன். மறுபடி தள்ளினாள். மறுபடி எடுத்து வைத்தேன். என் கஞ்சிச்சட்டியைத் திறந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தேன். அவள் வாயைப் பார்க்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பாதி திரும்பி உட்கார்ந்தேன். இவள் தின்னாவிட்டால் நாளைக்கு ரோசம்மாள் ஜீப் ஏறமாட்டாள், அது நிச்சயம்.

அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. ச்சப். ச்சப்.

நான் திரும்பவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையை எடுத்து, ஏழு என்று விரலைக் காட்டினாள். பிறகு எட்டு. பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"ஏலே," என்று கிசுகிசுத்தாள், "கன்னம் ரெண்டும் ஒதப்பிக்கிட்டு முழுங்குறாடா!"

நான் திரும்பியபோது தட்டில் பாதி இல்லை. தரையில் கொஞ்சம், தலையில் கொஞ்சம். ஆனால் வயிற்றுக்குள்ளும் போயிருந்தது. மூக்கு நுனியில் ஒரு பருப்பு. அந்தக் கோலத்தோடு என்னைப் பார்த்து இரண்டு பல்லையும் காட்டினாள். நாற்பது பந்தல் திராட்சையை நோய் விழாமல் காப்பாற்றியிருக்கிறேன். அன்றைக்கு நிமிர்ந்த மாதிரி என் நெஞ்சு என்றைக்கும் நிமிர்ந்ததில்லை.

நான் திரும்பத் தோட்டத்துக்குப் போகும்போது, "தூங்கட்டும், முழிச்சதும் கழுவிவிடுறேன்" என்றாள் அக்கா.

"முகத்தக் கழுவாத. அவுக அம்மா பாக்கட்டும்."

"எறும்பு மொய்க்கும்டா கிறுக்கா."

"அப்பத் தலைய மட்டும் தொடை. மூஞ்சி இருக்கட்டும்."

பொழுது இறங்க ஜீப் வந்தது. நான் அமலியைத் தோளில் வைத்துக்கொண்டு கோவில் முக்கில் நின்றேன். அக்காவும் கூடவே வந்து நின்றாள், யாரும் கூப்பிடவில்லை. ஜீப் நிற்குமுன்பே ரோசம்மாள் குதித்தாள். மேல்சட்டையின் மார்பு இரண்டு பக்கமும் பால் கசிந்து நனைந்து கிடந்தது. ஓடி வந்தவள் அமலியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். கன்னத்தில் பருப்பு காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து, தன் வாயில் போட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "பதினாலு வாய்! நாந்தேன் எண்ணுனேன். ஒம் புருசன் திரும்பிக்கூடப் பாக்கல."

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை வெளியே நீட்டினார்.

"என்னப்பா பீட்டரு, நாளைக்கு ஆளு உண்டா, இல்லையா? சொல்லு, எடம் கேட்டு நாலு பேரு நிக்கிறாக."

ரோசம்மாள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளே பதில் சொன்னாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"அவுகட்ட எடம் இல்லைன்னு சொல்லிப்புடுங்கண்ணே. அது அமலி அம்மா எடம்."