நாலாவது நிலை

ஏரிக்கரைக் கண்ணாடிக் கட்டடத்தில் தரைவரை நீளும் ஜன்னல்களின் திரைகளுக்கு மூன்றே நிலைகள்தாம்: முழுக்க மேலே, பாதி, முழுக்கக் கீழே. நடுவில் எங்கே விட்டாலும் நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்று, அதை வடிவமைத்த ரைஸ் போட்ட விதி. ஒன்பதாம் மாடி வில்மா ஹ்ருஷ்கா, ஜன்னலில் காலுறை காயப்போட்டு ஏற்கெனவே ஒரு புகாரில் மாட்டியிருக்கிறாள். இன்னொரு புகார் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். படுத்துக்கொண்டே ஏரியைப் பார்க்க சிகாகோவில் வேறெங்கே இடம் கிடைக்கும்?

அன்று காலை அவள் இழுத்த இழுப்பில் திரை முழங்கால் உயரத்தில் சிக்கிக்கொண்டது.

தொலைபேசி அலறியது. கீழேயிருந்து மேனேஜர் டாலஃப்சன்.

“அம்மா! எதிர்ப் பூங்காவுல ரைஸ் சார் பத்திரிகைக்காரங்களோட நிக்கிறாரு. உங்க ஜன்னல் மட்டும் பாவாடையத் தூக்கிச் செருகின மாதிரி இருக்கு!”

“சிக்கிக்கிச்சு சார்!”

“அவரு பேச்சை முடிச்சுட்டு நிமிர்றதுக்குள்ள சரிபண்ணுங்க. இல்லேன்னா பெட்டியக் கட்டுங்க.”

பக்கத்து வீட்டு கெர்ட் தலையில் முடி சுருட்டும் கிளிப்புகளோடு ஓடிவந்தாள்.

“அழாதடி. ஒண்ணு மட்டும் இப்படி இருந்தாத்தான் தப்பு. எல்லாமே இப்படி இருந்தா டிசைன்!”

“மத்த வீட்டுல நடுவுல நிக்காதே?”

“கையால புடிச்சா நிக்கும்!”

மாடி மாடியாகத் தொலைபேசியில் செய்தி பறந்தது. அந்த விதியால் நொந்துபோயிருந்த குடித்தனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பூங்கா பக்கத்துத் திரைகள் அத்தனையும் முழங்காலுக்கு வந்து நின்றன.

வில்மா தரையில் கவிழ்ந்து படுத்து, இடுக்கு வழியாகப் பார்த்தாள். ரைஸ் நிமிர்ந்தார். தொப்பி பின்னால் விழுந்தது. மாடிக்கு மாடி வரிசையாகக் கால்கள்: பைஜாமாக் கால், வெறுங்கால், யாரோ ஒருவரின் குட்டை நாயின் நாலு கால்.

மறுபடி தொலைபேசி. பூங்காவின் தொலைபேசிக் கூண்டிலிருந்து டாலஃப்சன்.

“நான் வச்சது மூணுதானே, இந்த நாலாவது எங்கேருந்து வந்துச்சுங்கிறாரு!”

“கோவமா இருக்காரா?”

“காலை எண்ணிக்கிட்டிருக்காரும்மா… ஐயோ, சிரிக்கிறாரு! யார் வீட்டுல ஆரம்பிச்சதுன்னு கேக்குறாரு.”

“சொல்லிடாதீங்க சார்!”

“சொல்லிட்டேனே!”

வில்மாவின் கண் கட்டிலடிப் பெட்டிக்குப் போனது.

“எல்லா வீட்டுக்கும் நாலாவது கொக்கி போடணுமாம். உங்க முழங்காலை அளந்துட்டு வரச் சொல்றாரு!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கெர்ட் கத்தினாள்: “அடியே, கை கழண்டு விழுது! விட்றலாமா?”

“விட்றாதடி! போட்டோ எடுக்கிறாங்க!”