செத்தவீட்டில் பறந்த மூன்று டொல்பின்கள்

“அக்கா, உங்கடை மனுசன்ரை செத்தவீட்டிலை டொல்பின் பறந்ததாம், மெய்யோ?” என்று மருதனார்மடம் சந்தையில் ஒருத்தி குணலட்சுமியிடம் கேட்டாள். “ஓம், மூண்டு,” என்றாள் குணலட்சுமி, கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்த்தபடி.

மூன்றும் பச்சை ஒளியால் ஆனவை. மானிப்பாய்ப் பக்கம் இருக்கும் கேளிக்கைப் பூங்காவில் தைப்பொங்கலுக்குப் பழைய நிற விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புது லேசர் பூட்டியபோது வந்தவை. பழைய விளக்குகளில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் சிங்கப்பூரில் இதைவிடப் பெரிதாக இருக்கிறதென்று யாரோ முகநூலில் எழுதிவிட்டார்கள். அதற்குமேல் ஊருக்கு நித்திரை வரவில்லை. முதல் காட்சிக்கு மூவாயிரம் பேர் வந்து மூவாயிரம் போன்களை உயர்த்தினார்கள். பின்வரிசைக்காரர் முன்வரிசைக்காரரின் போன் திரையைப் படமெடுத்தார்கள். வானத்தைப் பார்த்தது ஒரு நாய் மட்டும்தான். அதுவும் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது.

விளம்பரத்துக்காக வீடியோ எடுக்க வந்தவன் கஜீபன், வலிகாமம் முழுக்கக் கலியாணமும் பெட்டைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியவீடும் எடுப்பவன். “அண்ணை, லேசரின்ரை வாய்க்கு நேரை கமராவைப் பிடியாதேங்கோ,” என்று அதைப் பூட்டியவன் சொன்னான். “பதினொரு வருசமாக் கலியாணவீடு எடுக்கிறன். உவர் எனக்கு லைற் படிப்பிக்க வந்திட்டார்,” என்று கஜீபன் நேராகவே பிடித்தான். மூன்று டொல்பின்கள் கமராவுக்குள் போயின, வெளியே வரவில்லை. மிச்சக் காட்சி அவையில்லாமல் நடந்தது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதாக இருந்தார்கள்.

அன்றுமுதல் கஜீபன் எங்கே கமராவைத் திறந்தாலும் அவை வெளியே பாய்ந்து, கூரைக்குக் கீழே சுற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போயின. சுன்னாகத்துச் சாமத்தியவீடு ஒன்றில் ஆரத்தித் தட்டுக்கு மேலால் பாய்ந்தன. இணுவிலில் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குள்ளால் போயின. தாலி ஏறியதை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவரும் குறை சொல்லவுமில்லை. கனடாவிலிருந்து வீடியோ பார்த்த சொந்தக்காரர் இதயப் படங்கள் அனுப்பினார்கள். ஆவணி பிறந்தபோது கஜீபனுக்கு ஒரு நாளும் ஓய்வில்லை.

அந்த ஆவணியில் சிவசுப்பிரமணியம் செத்தார். மகன் கோபிசங்கர் ரொறன்ரோவில் இருந்தான். வதிவிடக் கடதாசி சரிவராததால் பதினாலு வருடமாகத் தகப்பனை நேரில் கண்டதில்லை. நேரலைக்குக் கஜீபனை அங்கிருந்தே ஒழுங்குபண்ணினான். குணலட்சுமிக்கு வேண்டியது ஒன்றுதான்: எரிப்பதற்கு முன் மகன் அந்த முகத்தை ஒருமுறை வடிவாகப் பார்க்கவேண்டும்.

“தம்பி, முகத்தை மட்டும் எடும். மீன் வேண்டாம்.”

“நான் என்ன செய்ய அன்ரி, அதுகள் தன்பாட்டிலை வரும்.”

வந்தன. பெட்டிக்கு மேலே வட்டமிட்டன. அழுதுகொண்டிருந்தவர்கள் போனை எடுத்தார்கள். ஐயரும் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எடுத்தார். குணலட்சுமி குனிந்து புருசனின் நெற்றித் திருநீற்றைச் சரிசெய்து, முகத்தைக் கமராப் பக்கம் திருப்பினாள். மடிக்கணினியிலிருந்து கோபிசங்கரின் குரல் வந்தது.

“அம்மா, கொஞ்சம் விலகுங்கோ. டொல்பினை மறைக்கிறியள்.”

அவள் விலகினாள்.

பிறகு பெட்டியின் மூடியை அவளே போட்டாள். பெட்டி இலேசாக இருப்பதைத் தூக்கியவர்கள் உணர்ந்தார்கள். மனுசன் வருத்தமாய்க் கிடந்து மெலிந்துவிட்டார் என்று கதைத்துக்கொண்டு சுடலைக்குப் போனார்கள். கீரிமலையில் கரைத்தது வெறும் பெட்டியின் சாம்பல். வீடியோவில் டொல்பின்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன. பன்னீராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அவள் விலகி நின்ற அந்த நேரத்தில், எல்லோரும் கூரையைப் படமெடுத்துக்கொண்டிருக்க, சிவசுப்பிரமணியம் எழுந்து உட்கார்ந்தார். மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மடிக்கணினியில் மகனைப் பார்த்தார். மகன் டொல்பினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார், செருப்பைத் தேடிப் போட்டார். நாற்பத்தொரு வருடங்களில், சந்தைக்குப் போவதென்றாலும் “போட்டு வாறன்” என்று சொல்லாமல் அவர் படலையைத் தாண்டியதில்லை. குணலட்சுமி படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் போனார்.