ஆத்தா, சாப்பிட்டியா?

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பெயர் வைப்பதே வீண்வேலை. சினேகா என்கிற நான் பள்ளிக்கூடச் சான்றிதழில் மட்டும்தான் இருந்தேன். சுருளிப்பட்டியில் அப்பா முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் நான் ஆத்தாதான். அந்த ஒரு வார்த்தையில்தான் ஏமாந்தேன்.

2008ஆம் வருஷம். தேனியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கம்பத்தில் கிருபாவதி அக்கா நடத்திய பிரவுசிங் சென்டரில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து ஆர்குட் பார்ப்பேன். ஒருநாள் 'பாண்டீஸ்வரன், மஸ்கட்' என்று நட்புக் கோரிக்கை வந்தது. படத்தில் முகம் இல்லை, ஒரு திராட்சைக் குலை. மஸ்கட்டில் லாரி ஓட்டும் என் தாய்மாமன் பெயரும் அதுதான். கூடவே இங்கிலீஷ் எழுத்தில், 'ஆத்தா, சாப்பிட்டியா?' மாமா போனில் கேட்கிற முதல் கேள்வி. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? உடனே சேர்த்துக்கொண்டேன். ஊர் முழுக்க அதையேதான் கேட்கும் என்பது அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை.

நாலு மாதம் மாமாவிடம் மனம்விட்டு எழுதினேன். எனக்குப் பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்கள், ஏதாவது சாக்கு கிடைத்தால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று எழுதினேன். எங்கள் நாய் செத்துப்போனதை எழுதினேன். பின்கதவுக் கொண்டி ஆடுகிறது, தள்ளினால் திறந்துகொள்ளும், அப்பாவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றும் எழுதினேன். கடைசியாக, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடமலைக்குண்டுக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறார்கள், நான் மட்டும் வீட்டில் படித்துக்கொண்டிருப்பேன் என்றேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, மாமா போன் செய்தார்.

"என்ன மாமா, ஆர்குட்டுல அம்புட்டுப் பேசுறீக, போன்ல ரெண்டு வார்த்தைதானா?" என்று சீண்டினேன்.

"ஆர்குட்டா? அது எந்தக் கடை ஆத்தா? நான் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லியே."

பக்கத்தில் அம்மா நின்றாள். சிரித்து வைத்தேன். "மாமா சௌக்கியமா இருக்காகளாம்" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். கொண்டி ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கம்பத்துக்கு ஓடினேன். புதிதாக ஒரு செய்தி காத்திருந்தது. 'ஞாயித்துக்கெழமை லீவுல வாரேன் ஆத்தா. நேரா ஒன்னையப் பாக்கத்தான். ஒங்கம்மாகிட்ட சொல்லிராத.'

துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "என்னம்மா, காய்ச்சலா?" என்றார் கிருபாவதி அக்கா. ஆமாம் என்றேன். அவனை நீக்கினேன், என் பக்கத்தையே அழித்தேன். ஆனால் அவன் தலைக்குள் இருக்கும் எங்கள் பின்கதவை எந்தப் பொத்தானை அமுக்கி அழிப்பது?

வீட்டில் சொல்லலாம். சொன்னால், தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்றைக்கே ஆள் போகும். முகம் தெரியாதவனோடு நாலு மாதம் பேசியவளை எந்த அப்பா கல்லூரிக்கு அனுப்புவார்? வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலையில், படித்தது போதும் என்று நானும் கிளம்பினேன். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டி, அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். அவன் வந்து வெறும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். கல்யாணப் பந்தலில் நம் சொந்தபந்தம் நானூறு பேர் இருப்பார்கள், அங்கே எனக்கு என்ன பயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பந்தலுக்குள் கால் வைத்ததும், "வா ஆத்தா, சாப்பிட்டியா?" என்றார் ஒரு சித்தப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெற்றிலைத் தட்டு வைத்திருந்தவர் கேட்டார். மேளக்காரருக்குக் காபி கொண்டுபோனவர் கேட்டார். கல்யாண வீட்டில் வேறு எதைக் கேட்பார்கள்? ஒவ்வொரு வாயையும் உற்று உற்றுப் பார்த்தேன். இவரா, அவரா என்று எல்லார்மேலும் சந்தேகம் வந்தது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் கேசரி விழுந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ லேசாகக் குனிந்தார்கள்.

"பின்கதவ நல்லா அடைச்சிட்டு வந்தியா ஆத்தா?"

திரும்புவதற்குள் குரல் நகர்ந்துவிட்டது. சாம்பார் வாளி, ரசவாளி, தண்ணீர்ச் செம்பு என்று ஆறேழு ஆண்கள் வரிசையில் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் துண்டு, எல்லாரும் முதுகைக் காட்டினார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள், எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தவர்கள்.

இலையை மூடாமலே எழுந்து ஓடினேன். வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"ஆத்தா, சாப்பிட்டியா?"

அப்பாவின் குரல்தான். இருந்தும் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வெடித்தது. படிப்பு போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பந்தியில் பரிமாறியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்பாவும் பயந்துவிட்டார் என்று அப்போது புரிந்தது.

"நாளைக்கே கொண்டிய மாத்திருவோம்" என்றார். "காலேஜுக்கு நானே கூட வந்து பஸ் ஏத்தி விடுறேன். அழாத ஆத்தா."

"அப்பா, இனிமே என்னையப் பேரு சொல்லிக் கூப்புடுங்க."

அவருக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும். தோள் துண்டால் என் கண்ணைத் துடைத்தார். பிறகு, யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோலத் தயங்கிச் சொன்னார்.

"வா, சினேகா. வீட்டுக்குப் போவோம்."