கைகாட்டிச் சொல்ல மறந்த முகம்

ஜப்பானில், எங்கள் மட்சுயாமா ஊரில் டிராம் ஓட்டுகிறவர்கள் வண்டியை நகர்த்தும் முன் விரலை நீட்டி ஒவ்வொன்றையும் காட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள். "சிக்னல், சரி. கதவு, சரி." கண் ஏமாந்தாலும் விரலும் வாயும் சேர்ந்தால் ஏமாறாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஓனிஷி என்ற ஓட்டுநர் எங்கள் கேமராக் கடைக்கு வந்தபோதும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. உள்ளே நுழைந்தவர் குடையைத் தாங்கியில் செருகிவிட்டு, அதை விரலால் காட்டி, "குடை, சரி" என்றார். யாருக்கும் கேட்கக் கூடாது என்று மெல்லத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

"சின்னதா ஒரு கேமரா வேணும். படுத்துக்கிட்டே ஒரு கையால தூக்குற மாதிரி."

"யாருக்குங்க?"

"எடுக்கப் போறது நான். பாக்கப் போறது என் சம்சாரம்."

அவர் மனைவி சயோரி நான்கு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். மருத்துவர் நாள் குறித்துவிட்டார். இலைகள் சிவக்கும்வரை இருந்தால் பெரிது என்றாராம். அவர்களுடைய ஒரே மகள் மியோ ஆறாம் வகுப்பு. பத்து நாளில் பள்ளி விளையாட்டு விழா. ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு அதுதான் கடைசி விழா. தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று ஓடப்போகிறாள்.

"அஞ்சு வருஷமும் சயோரிதான் போய் எடுத்தா. விடியறதுக்கு முன்னாலயே போய்ப் பாயை விரிச்சு இடம் பிடிச்சிருவா. நான் ஒரு தடவைகூடப் போனதில்ல. ஞாயித்துக்கிழமைதானே டிராமுல கூட்டம்? இப்ப அவளோட பெரிய கேமராவ அவளாலயே தூக்க முடியல." ஓனிஷி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "'ஓடுறப்ப மியோ முகம் எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாக்கணும்ப்பா, கொண்டு வந்து காட்டுங்க'ன்னா. தமாகி-சான், இத்தனை வருஷத்துல அவ எங்கிட்ட எதுவும் கேட்டதே இல்ல."

என் பெயர் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இருந்தது. அதைப் படித்து, மரியாதைக்குச் 'சான்' சேர்த்து, பெயர் சொல்லிப் பேசுகிற மனிதர் அவர்.

மூன்று சின்னக் கேமராக்களை எடுத்து வைத்தேன். முதலாவது மிகச் சிறியது. ஆனால் பின்பக்கத் திரை மட்டும்தான் உண்டு. ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது எல்லா வகையிலும் நல்லது, கனம்தான் கூடுதல். மூன்றாவதில் இடது மூலையில் கண் வைத்துப் பார்க்க ஒரு குட்டி ஜன்னல். எடுத்த படங்களையும் அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணோடு ஒட்டி வைத்தால் மருந்து வாடையும் ஆஸ்பத்திரிச் சுவரும் மறைந்து படம் மட்டும் பெரிதாக நிற்கும்.

ஓனிஷி நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கொண்டார். ஒவ்வொரு கேமராவையும் ஒற்றைக் கையில் உயர்த்திக் கண்ணில் வைத்து, அறுபதுவரை எண்ணினார். எந்த வாடிக்கையாளரும் அப்படிச் சோதித்து நான் கண்டதில்லை. மூன்றாவதை எண்ணி முடித்த பிறகும் அவர் கை தாழவில்லை.

"இது போதும். இதை அவ தூக்கிருவா."

அடுத்தது லென்ஸ். இரண்டை வைத்தேன். ஒன்று மோச்சி என்ற அரிசிமாவு உருண்டை அளவே இருக்கும் சின்ன லென்ஸ். பெரிதாக்கிப் பார்க்க முடியாது, ஆளை நெருங்கித்தான் எடுக்கவேண்டும். இன்னொன்று தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் நீள ஜூம் லென்ஸ். அவரால் ஒன்றுதான் வாங்க முடியும். அவர் விரல் சின்னதின் மேலேயே நின்றது.

"இதுல முகம் நல்லா விழணும்னா எவ்வளவு பக்கத்துல போகணும்?"

"ரெண்டு எட்டு வைக்கிற தூரம்."

பின்னாலிருந்து எங்கள் முதலாளி இவாதா குரல் கொடுத்தார். "விளையாட்டு விழாவுக்கு ரெண்டு எட்டு லென்ஸா? குழந்தைங்களோட சேர்ந்து நீங்களும் ஓடப் போறீங்களா என்ன? டிராம்காரரே, தண்டவாளத்தை விட்டு இறங்கிராதீங்க. நீளமானதைக் குடு தமாகி. இருபது வருஷமா விழாவுக்கு வர்ற அப்பன்மாருக்கெல்லாம் அதத்தான குடுக்கிறோம்!"

ஓனிஷி சிரித்தார். நானும் நீளமானதையே எடுத்துப் பொருத்தினேன். ஆனால் என் மனம் ஒப்பவில்லை. அந்த லென்ஸ் வழியே பார்ப்பது மூங்கில் குழாய் வழியே வானத்தைப் பார்ப்பது போல; பழகாத கைக்கு ஓடுகிற பிள்ளை அகப்படாது. "முதல்ல வெறுங்கண்ணால உங்க பொண்ணைக் கண்டுபிடிச்சிக்கிட்டு, அப்புறம் கேமராவைத் தூக்குங்க" என்று சொன்னேன். அதோடு என் கடமை தீர்ந்ததாக நினைத்துக்கொண்டேன். ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் விரலால் காட்டினார். "சுவிட்ச், சரி. மூடி, சரி. கார்டு, சரி."

விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. திங்கள் மதியம் ஓனிஷி மறுபடி வந்தார். கேமராவை மேசைமேல் வைத்தார்.

"எல்லாருக்கும் ஒரே தொப்பி, தமாகி-சான்" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பள்ளி விழாவில் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே நீலக் கால்சட்டை. தலையில் சிவப்புத் தொப்பி, இல்லையென்றால் வெள்ளைத் தொப்பி. சிவப்பு அணியிலேயே இரண்டு குழு என்பதால், கடைசிச் சுற்றில் சிவப்புத் தொப்பியோடு இரண்டு சிறுமிகள் நின்றிருந்தார்கள். ஒரே உயரம், ஒரே மாதிரி வெட்டிய முடி. இவர் கயிற்றுக்கு வெளியிலிருந்து அந்தக் குழாய் லென்ஸை உயர்த்தினார், சிவப்புத் தொப்பி அகப்பட்டது, பிறகு விடவேயில்லை. நாற்பத்து மூன்று படங்கள். நாற்பத்து மூன்றிலும் முன்னால் ஓடுவது ஹருகா என்ற வேறு சிறுமி.

"ஒண்ணுமே தெரியாம நேரா ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். சயோரி கண்ணுல வெச்சு ஒண்ணு ஒண்ணா பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், 'நல்லா எடுத்திருக்கீங்கப்பா'ன்னா. 'ஹருகா எவ்வளவு அழகா ஓடுறா'ன்னா."

அறையில் மியோவும் இருந்தாளாம். தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவைத் திட்டாதம்மா. எல்லாருக்கும் ஒரே தொப்பி" என்றாளாம்.

"அவ திட்டல. 'ஹருகாவோட அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமையும் துண்டு நெய்யுற மில்லுல வேலை. ஆறு வருஷமா அவளை யாருமே படம் எடுத்ததில்ல. நான்கூட எடுத்ததில்லையே, என் கேமரா மியோவையே பாத்துட்டு இருந்துச்சு. பிரிண்ட் போட்டு அவளுக்குக் குடுங்க'ன்னா. சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா." ஓனிஷி வெள்ளைக் கையுறை அணிந்த தன் விரலைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு நூறு சிக்னலைக் கைகாட்டிச் சொல்றவன் நான். பெத்த பொண்ணை மட்டும் சொல்லாம விட்டுட்டேன்."

கூட்டத்தில் மகளை அடையாளம் தெரியுமா என்பதுதான் நான் கேட்காத கேள்வி. ஒருமுறையும் விழாவுக்குப் போகாத அப்பாவிடம் அதை முதலில் கேட்டிருக்கவேண்டும். தினமும் காலையில் இஷிதேஜி கோயில் வாசலில் கைகூப்பிவிட்டுக் கடைக்கு வருகிறவள் நான். கைகூப்புவது சுலபம். எதிரே நிற்கிற ஒருவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டு நிற்பதுதான் கடினமாக இருக்கிறது.

நாற்பத்து மூன்றையும் பிரிண்ட் போட்டேன். ஹருகா உண்மையிலேயே அழகாக ஓடினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துகொண்டு ஓடினாள். சில படங்களில் அவளுக்குப் பின்னால் கலங்கிய சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. அதில் முகம் இல்லை.

"நீங்க ஆஸ்பத்திரியில எங்க நிப்பீங்க?" என்று கேட்டேன்.

"கால்மாட்டுல. நர்சுங்க வந்து போக வழி வேணும்ல."

நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்தச் சின்ன லென்ஸை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் இரண்டு கையையும் ஆட்டினார். "வேணாம் வேணாம், எனக்கு எப்படி..."

"இது ஒசெத்தாய்."

எங்கள் தீவில் எண்பத்தெட்டுக் கோயில்களையும் நடந்து கும்பிடுகிறவர்களுக்கு வழியில் உள்ளவர்கள் தேநீரோ ஆரஞ்சோ கொடுப்பார்கள். அதுதான் ஒசெத்தாய். அதை மறுக்கக் கூடாது.

"நான் யாத்திரைக்காரன் இல்லையே!"

"நாலு மாசமா தினமும் அந்த ஆஸ்பத்திரி மேட்டுல ஏறி இறங்குறீங்க இல்ல?"

அவர் முதலாளியைப் பார்த்தார். இவாதா தலையைத் தூக்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க. அது காட்சிக்கு வெச்ச பீஸ். பின்னால ஒரு கீறல் வேற. எவன் வாங்கப் போறான்?" என்றார். அந்த லென்ஸை வாரம் ஒருமுறை துடைக்கிறவள் நான். அதில் கீறல் எதுவும் இல்லை.

ஓனிஷி எழுந்து, இடுப்புவரை குனிந்து வணங்கினார். புதிய லென்ஸைப் பொருத்திக் கொடுத்தேன்.

"ரெண்டு எட்டு" என்று நினைவூட்டினேன்.

"ரெண்டு எட்டு, சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் கார்டைக் கொண்டுவந்தார். மேசையருகே நின்றபடியே நடந்ததைச் சொன்னார். பிரிண்டுகளை மியோ பள்ளியில் ஹருகாவிடம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது எங்கள் வழக்கமில்லை. புதன்கிழமை மாலை ஹருகா, அம்மா கொடுத்தனுப்பிய ஆரஞ்சுப் பையோடு மியோவுடன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கட்டிலருகே விறைப்பாக நின்று, மனப்பாடம் செய்தது போல நன்றி சொன்னாள்.

சயோரி, "நீ எப்படி அவ்வளவு வேகமா ஓடுற?" என்று கேட்டாளாம்.

"நான் வேகமெல்லாம் இல்லைங்க, மியோவோட அம்மா" என்றாளாம் ஹருகா. "மியோதான் என்னை ஓட வெச்சா. கம்பை வாங்குனதுலேர்ந்து அவ காலடிச் சத்தம் பின்னாலயே வந்துட்டு இருந்துச்சு. தப் தப் தப்புன்னு. வளைவுல ரொம்ப கிட்ட வந்துருச்சு, மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு. போச்சு, பிடிச்சிருவான்னு பயந்துபோய்த்தான் ஓடுனேன். அந்தப் படத்துல என் மூஞ்சியப் பாருங்க, பேய் துரத்துற மாதிரி இருக்கும்!"

"யாரைடி பேய்ங்கற?" என்றாளாம் மியோ.

"உன்னைத்தான். இன்னும் பத்து அடி இருந்திருந்தா நீதான் முதல்ல."

ஹருகா இரண்டு கைகளாலும் கட்டில் விளிம்பில் தாளம் போல அடித்து அந்தக் காலடியைக் காட்டினாள். மெல்லத் தொடங்கி, வளைவில் வேகமாகி, கடைசியில் இடைவெளியே இல்லாமல். சயோரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கேமராவைக் கேட்டு வாங்கி, பழைய நாற்பத்து மூன்றையும் மறுபடி பார்த்தாள். இந்தமுறை சிரித்துக்கொண்டே பார்த்தாள். "ஆமா, இங்கதான் நெருங்கிட்டா. இங்க இன்னும் கிட்ட. இவ மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பின்னால மியோ எப்படி வந்தான்னு" என்றாள். அப்புறம் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தாளாம். மியோ வெட்கத்தில் காதுவரை சிவந்து போயிருந்தாள். ஓடும்போதும் அவள் அப்படித்தான் சிவந்திருப்பாள்.

"அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு" என்றார் ஓனிஷி. "கேமராவை வாங்கிட்டு கால்மாட்டை விட்டுப் பக்கத்துல போனேன். ரெண்டு எட்டு."

கார்டைக் கணினியில் போட்டேன். திரையில் புதிதாக எடுத்ததில் முதல் படம் விரிந்தது. தலையணையில் சயோரி, மெலிந்த முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் கன்னத்தருகே மியோவின் சிவந்த முகம். ஓரத்தில் கட்டிலைத் தட்டிக்கொண்டிருக்கும் ஹருகாவின் கை, அது மட்டும் அசைந்து கலங்கியிருந்தது. எல்லாம் கிட்டத்தில், மூச்சுப் படும் தூரத்தில்.

ஓனிஷி கையுறையைக் கழற்றினார். வெறும் விரலைத் திரைக்கு நேரே நீட்டினார்.

"சயோரி, சரி" என்றார். "மியோ, சரி. ஹருகா, சரி."

அடுத்த படத்தைத் திறந்தேன். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. படம் சாய்ந்திருந்தது, சயோரி படுத்தபடி ஒற்றைக் கையால் எடுத்தது. திரை முழுக்க ஓனிஷியே இருந்தார். சீருடையின் மேல் பொத்தான் கழன்று, கண் நனைந்து, என்ன செய்வது என்று தெரியாத முகத்தோடு, மனைவிக்கு இரண்டு எட்டு தூரத்தில்.

நீட்டிய விரல் அப்படியே நின்றது.

பின்னால் இவாதா, திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடி, தூசி இல்லாத ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓனிஷி-சான், சரி" என்றார்.