லாடக் கட்டு

1958 ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்குச் சாய்த்துக் கட்டிய நாயை ஒரு மணிக்குத்தான் அவிழ்த்தார்கள்.

மேலகரத்தில் டாக்டர் சங்கரபாண்டி சொந்தமாக நடத்திவந்த ஆஸ்பத்திரிக்கு வருபவை மாடுகள். மேஜை ஆட்டுக்குத்தான் காணும். குற்றாலத்திலிருந்து கல்யாணசுந்தரி காரில் கொண்டுவந்த கிரேட் டேன் ஜாதி நாய் நூற்று நாற்பது பவுண்டு எடை. பெயர் டியூக். மயக்க மருந்து கொடுத்து, சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை விரித்து வலப்பக்கமாகப் படுக்கவைத்தார்கள். மாட்டுக்குச் செய்கிற மாதிரியே இடது விலாவுக்குப் பின்னால் டாக்டர் வயிற்றைத் திறந்தார். குடலில் பனங்கொட்டை அடைத்திருந்தது. எடுத்துத் தைத்தார்.

நாயின் கால்களைக் கட்டியவன் அவருடைய உதவியாள் பேச்சிமுத்து. முன்பு மாட்டுக்கு லாடம் அடித்தவன். அவன் கட்டிய காளை அசைந்ததில்லை.

சனிக்கிழமை மாலை நாய் எழுந்தது. மூன்று கால்களில் நின்றது. வலது முன்னங்கால் மடங்கி, பாதத்தின் மேற்புறம் தரையில் கிடந்தது. சங்கரபாண்டி விரலிடுக்கை இடுக்கியால் நெருக்கினார். நாய் காலை இழுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

கல்யாணசுந்தரி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் இறந்தபின் அந்தப் பெரிய பங்களாவில் அவளும் நாயும்தான். ஞாயிற்றுக்கிழமை சங்கரபாண்டி புண்ணைப் பார்க்கப் போனார்.

"என்னாலதான் டாக்டர்," என்றாள். "வாந்தி எடுக்கான், சூடா இருக்கும்னு ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஐந்தருவியில கொண்டுபோய் நிறுத்துனேன். ஒரு மணி நேரம். அந்தக் குளுமையிலதான் வாதம் இறங்கிட்டு."

சங்கரபாண்டி தையலைப் பார்த்தார். தையல் காய்ந்து சுத்தமாக இருந்தது. "ரெஸ்ட் குடுங்க," என்றார்.

திங்கட்கிழமையும் அவள் அதையே சொன்னாள். அவர் பஞ்சு வாங்கிப் பாதத்தில் சுற்றினார். இழுத்து இழுத்து அங்கே தோல் உரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சிமுத்து கேட்டான்.

"காலு எப்படி இருக்கு ஐயா?"

"அப்படியேதான். காளைய எவ்வளவு நேரம்லே கட்டிப் போடுவே?"

"எட்டு லாடம். அரை மணி. அதுக்கு மேல கட்டிப்போட்டா மாட்டுக்காரன் என்னைக் கட்டிப்போடுவான்."

"இது மூணே கால் மணி நேரம். கயிறு நரம்பு மேல இருந்திருக்கு. மேல இருந்து அவ்வளவு கனம்."

பேச்சிமுத்து வாளியைக் கீழே வைத்தான். "நடுவுல பாதம் வீங்கிட்டுன்னு சொன்னேன். இளக்கட்டுமான்னு கேட்டேன். அசைக்காதலேன்னு சொல்லிட்டீக."

"குடல் வெளியே கிடந்துது."

"இல்லன்னு சொல்லலையே. வேணும்னா நான் கட்டுன கட்டுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிருதேன். ஏசுனா ஏசிட்டுப் போறாவ. எனக்கென்ன, லாடக்காரன்."

"நீ சும்மா இரு."

அன்று பகல் அவர் போனபோது குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நாய் கூடத்தில் ஜமுக்காளத்தின்மேல் கிடந்தது. அவரைக் கண்டதும் எழப் பார்த்தது. பாதி எழுந்து, வலப்பக்கமாகச் சரிந்து, மோவாய் தரையில் இடித்தது. கல்யாணசுந்தரி ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். அவளால் முடியவில்லை. இருவருமாகப் புரட்டிப் போட்டார்கள்.

"நாளைக்குக் காலையில தம்பி வருதான்," என்றாள். "கடையத்துல இருந்து. துப்பாக்கி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

சங்கரபாண்டி நிமிர்ந்தார்.

"சின்ன நாய்னா மூணு கால்ல ஓடும். இந்த உடம்ப மூணு கால் எத்தனை நாள் தாங்கும்? வாதம் வந்தது திரும்பாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நான் செஞ்ச தப்புக்கு அது ஏன் கிடந்து சீரழியணும்?"

அவர் உட்கார்ந்தார். கையில் பஞ்சு இருந்தது. அதைப் பைக்குள் வைத்தார்.

"இது வாதம் இல்லம்மா."

"பிறகு?"

"கட்டுன கயிறு. என் ஆஸ்பத்திரியில. தோளுக்குக் கீழ எலும்ப ஒட்டி ஒரு நரம்பு போகுது. அது நசுங்கியிருக்கு. வெறுந் தரையில, அதே பக்கமா, மூணு மணி நேரத்துக்கு மேல போட்டிருந்தேன். என் ஆளு இளக்கட்டுமான்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

அவள் தரையில் உட்கார்ந்து நாயின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அருவிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நசுங்குன நரம்பு திரும்பலாம். ஆறு வாரம் ஆகும், கூடவும் ஆகும். பாதம் மடங்காம மூங்கில் வச்சுக் கட்டணும். பக்கம் மாத்தி மாத்திப் படுக்க வைக்கணும். திரும்பாமலும் போகலாம். ஆனா தம்பிய நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"சனிக்கிழமையே."

கல்யாணசுந்தரி நாயின் தலையைத் தன் மடியிலிருந்து மெல்ல இறக்கி ஜமுக்காளத்தில் வைத்தாள்.

"நான்தான் நான்தான்னு ரெண்டு நாளா உங்க முன்னால சொல்லிக்கிட்டு இருந்தேனே, அத எப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"