பொய்யாக ஓர் அடி

நல்லக்கண்ணு பையைக் கட்டி வைத்துவிட்டான். இன்றைக்கும் கைக்கு ஒரு முதுகு அகப்படவில்லை என்றால் சாயங்கால பஸ்ஸில் திருப்பூர். பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். அவன் என் மனைவியின் தம்பி. போனால் திரும்ப மாட்டான் என்று வீட்டில் ஒரே அழுகை.

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பதுதான் எங்கள் வேலை. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் சும்மா நின்று நின்றே கால் வீங்கியது. காரணம் நாங்களேதான். பன்னிரண்டு பேரும் மெயின் அருவியில் இடித்துக்கொண்டு நிற்போம். ஐந்தருவியில் தேய்க்க ஆளே இல்லை என்று பிறகு தெரியவரும். மறுநாள் அத்தனை பேரும் ஐந்தருவிக்கு. அன்று மெயின் அருவியில் ஆள் இருக்காது. அடுத்த நாள் திரும்பவும் இங்கே. எல்லோரும் ஒரே மாதிரி புத்திசாலிகள்.

நேற்று மெயின் அருவியில் எனக்குக் கிடைத்த ஒரே முதுகு, ஒரு கணக்குப் பேராசிரியருடையது. தோளை அமுக்கிக்கொண்டே இந்தக் கூத்தைச் சொன்னேன். எண்ணெய் கண்ணில் வழிய எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான் அண்ணாச்சி என் ஆராய்ச்சியே!"

ஒரு விளையாட்டில், யாரும் தனியாக இடம் மாறி லாபம் பார்க்க முடியாத நிலை ஒன்று உண்டாம். சமநிலை என்றார். அதைத் தேடச் சொன்னால் கம்ப்யூட்டரும் எங்களைப் போலவே அங்கேயும் இங்கேயும் ஆடுமாம். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் பொய்யாக ஓர் அடி வைக்க வேண்டும். அங்கே நின்று எந்தப் பக்கம் நல்லதென்று பார்க்க வேண்டும். பிறகு பழைய இடத்துக்கே வந்து, பார்த்ததை வைத்து மெய்யான அடி. அதுவும் சின்ன அடி.

"அப்போ ஆட்டம் நின்னுருமா சார்?"

"அடங்கிரும். எல்லா விளையாட்டுக்கும் இல்ல."

எங்கள் விளையாட்டு எந்த வகையோ? வீடு வரை அதே யோசனை.

இன்று காலை அருவிக்குப் போகும் வழியில் மேலகரத்தில், முத்துச்செல்வியின் டீக்கடையில் எல்லோரையும் நிறுத்தினேன். "எங்க போவியன்னு வாயால சொல்லுங்கலே. கால எடுக்காதிய."

"அஞ்சருவி." "அஞ்சருவி." அத்தனை வாயிலும் அதேதான்.

"சரி, அங்கன போயாச்சு. பன்னெண்டு பேரும் நிக்கிய. இப்போ எங்க போணும்னு தோணுது?"

"மெயினுக்கு!"

முத்துச்செல்வி சிரித்துவிட்டாள். "உக்காந்த எடத்துலயே ரெண்டு நாள வீணாக்கிட்டியளே!"

நான் விடவில்லை. "இப்பவும் வாயாலதான். எல்லாரும் நேத்து நின்ன மெயினுக்கே திரும்பி வாங்க. அங்கருந்து நாலு பேரு மட்டும் அஞ்சருவிக்குப் போங்க." யார் அந்த நாலு பேர் என்று கொஞ்ச நேரம் சண்டை. ஓய்ந்ததும் கேட்டேன்: "இப்போ யாருக்கு மாறணும்?"

டீ குடிக்க வந்த ஆட்டோ யாக்கூப் குறுக்கே சொன்னான்: "பழைய குத்தாலம் அருவியில வேன் வேனா வந்து நிக்குது அண்ணாச்சி. தேய்க்கத்தான் ஆளக் காணோம்."

நாலைந்து கை எழுந்தது. "ஒருத்தந்தான்," என்றேன்.

"நான் போறேன் அத்தான். பையோட," என்றான் நல்லக்கண்ணு.

திரும்பவும் கேட்டேன். யாருக்கும் மாறத் தோன்றவில்லை. அப்புறம்தான் காலை எடுத்தோம்.

சாயங்காலம் நல்லக்கண்ணு அதே கடைக்கு வந்தான். பையின் கைப்பிடி முழுக்க எண்ணெய்.

"கூட்டம் கம்மிதான் அத்தான். ஆனா நான் ஒருத்தந்தானே."

"நாளைக்கு எல்லாப் பயலும் அங்கனதான்னு சொல்லுவானுவ, மாப்ள."

"சொல்லட்டும். சொல்லத்தானே செய்வானுவ." கொஞ்சம் யோசித்தான். "திருப்பூர்ல எத்தன பேரு நிக்கானுவளோ?"

போனை எடுத்து அங்கிருக்கும் கூட்டாளியிடம் பேசினான். 'உம்' கொட்டிக்கொண்டே வெகுநேரம் கேட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அங்கயும் வரிசையிலதான் நிக்கானுவளாம்," என்று போனை வைத்தான். பையை அவிழ்த்து, உள்ளேயிருந்து துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"அக்காவ எனக்கும் சேத்து சோத்துக்கு உல வைக்கச் சொல்லுங்க," என்றான்.